மர ஆணி அடித்த கோபுரம்

போன மாதம் என் மகள் ஜெசியை மறுபரிசோதனைக்குக் கொண்டுபோனபோது சிகிச்சை அறைக்கு வெளியே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். சாஆ என்ற சின்ன ஊரிலிருந்து வந்தவள். மடியில் சின்னப் பெண் குழந்தை, துணி மாதிரி துவண்டு கிடந்தது. எங்களை என்ன நினைத்தாளோ, நேராக என்னிடம் கேட்டாள்.

"அக்கா, ரெண்டு தடவ வந்துட்டேன். கட்டைய அடுக்கு, கட்டைய அடுக்குன்னு வெளாட்டுக் காட்டி அனுப்புறாங்க. மருந்து எப்பக்கா குடுப்பாங்க?"

இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், இதைவிடக் கெட்ட வார்த்தைகளில். அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் அவள் இல்லை. அவளைப் போல் இன்னும் எத்தனை பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து குழம்பப் போகிறார்களோ. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

நான் மூவாரில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் நாற்காலி பொருத்துகிறவள். கால், சட்டம், முதுகு எல்லாவற்றையும் மர ஆணி போட்டு, பசை வைத்து இறுக்குவது என் வேலை. கணவர் சேவியர் தளபாட லோரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஜெசி ஒரே பிள்ளை. நோய் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளியில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடுகிறவள்.

முதலில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. சரியாகிவிட்டது. பிறகு ஒரு இரண்டு வாரம் கழித்து, "காலுல எறும்பு ஓடுதும்மா" என்றாள். நான் மெத்தையைத் தூக்கிப் போட்டு மருந்தடித்தேன். எறும்பு இல்லை. மறுநாளும் ஓடுகிறது என்றாள். அடுத்து, பாலர் பள்ளிப் படியில் ஏற முடியவில்லை. ஆசிரியை சோம்பல் என்றார். கிளினிக்கில் சத்து மருந்து கொடுத்தார்கள். நானும் அதட்டினேன். ஒரு சாயங்காலம் தரையிலிருந்து எழ, தன் முட்டியையும் தொடையையும் கைகளால் பிடித்து, தன் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர் மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் ரப்பர் சுத்தியலால் அவள் முட்டிக்குக் கீழே தட்டினார். நமக்கெல்லாம் தட்டினால் கால் தானாக உதைக்கும். அவளுக்கு உதைக்கவில்லை. மறுபடி தட்டினார். மற்றக் காலில் தட்டினார். அவர் முகம் மாறியது. அன்றே ஆம்புலன்சில் ஜொகூர் பாருவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே சொன்ன பெயர் கீலன் பாரே. எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். நரம்பு ஒரு மின்கம்பி போல. மேலே ஓர் உறை இருக்கிறது. வயிற்றுக்கு வந்த கிருமியை அடிக்க உடம்பு திரட்டின படை, கிருமி போன பிறகும் நிற்காமல் அந்த உறையைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது. மூளை 'காலைத் தூக்கு' என்று சொல்கிறது. செய்தி வழியிலேயே நின்றுவிடுகிறது. தசை கெடவில்லை, உத்தரவுதான் வரவில்லை.

உறுதி செய்ய முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை எடுக்கவேண்டும் என்றார்கள். நான் கத்தினேன். முதுகில் குத்தினால் பிள்ளை முடமாகிவிடும் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். டாக்டரம்மா கோபிக்கவில்லை. கைத்துடைப்புக் காகிதத்தில் ஒரு முதுகை வரைந்தார். தண்டுவடம் இங்கேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழே போகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டேன். ஜெசியை இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நரம்புச் சோதனை. காலில் சின்ன மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார்கள். மிக மெதுவாக ஓடியது.

காலைவிட மூச்சை நினைத்துத்தான் அவர்கள் பயந்தார்கள். பலவீனம் கீழிருந்து மேலே ஏறும். நெஞ்சுத் தசைக்கு வந்துவிட்டால் மூச்சு நின்றுவிடும். அதனால் அடிக்கடி ஒரு தாதி வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். ஜெசி பாலர் பள்ளியில் பழகினபடி மலாயில் எண்ணுவாள். முதல் நாள் பத்தைத் தாண்டினாள். பிறகு எட்டு. ஒரு மதியம் "சாத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று நான்கோடு நின்று என்னைப் பார்த்தாள். ஐந்து அவளுக்குத் தெரியும். ஐந்து சொல்ல மூச்சு இல்லை. உடனே தீவிரக் கண்காணிப்பு அறைக்கு மாற்றினார்கள்.

அங்கே இரத்தக் குழாய் வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். யார் யாரோ தானம் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்து எடுப்பது, வழி தவறிய அந்தப் படையை அடக்குவது. கொடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும். மூச்சுக் கருவி வைக்காமலேயே தப்பினோம். எண்ணிக்கை மெல்ல ஏறியது. மறுபடி பத்து சொன்ன நாளில் சேவியர் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அரசாங்க மருத்துவமனை என்பதால் கட்டணம் எங்களை உருட்டவில்லை. உருட்டியது மற்றதெல்லாம்: சம்பளமில்லாத விடுப்பு, டீசல், தினமும் வெளிச்சாப்பாடு. இதைச் சொல்லாமல் 'இலவச சிகிச்சை' என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியது மெர்சி அண்ணி. சேவியரின் அக்கா, கூலாயில் இருக்கிறார். செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. வேலை முடிந்து சீருடையோடு பேருந்து பிடித்து வருவார். பிளாஸ்கில் கஞ்சி. "ரோசி, நீ போய்க் குளி. பசியாறு. நான் பாத்துக்குறேன்" என்பார். ஜெசிக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டு, நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தைப் பார்த்தால் எனக்கு யார் மேலிருந்த கோபமும் இறங்கிவிடும்.

வார்டுக்குத் திரும்பின பிறகுதான் மிஸ் கவிதா வந்தார். கையையும் அன்றாட வேலைகளையும் திரும்பப் பழக்குகிற சிகிச்சையாளர். சின்ன வயசு. துணிப்பையைத் திறந்து கட்டில் மேசையில் மரக்கட்டைகளைக் கொட்டினார். சிவப்பு, மஞ்சள், நீலம். ஜெசியைத் தலையணை வைத்து உட்கார்த்தி, "நாம ஒரு வீடு கட்டலாமா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"இந்தாங்க மிஸ், என் புள்ள மூச்சு விடாம கெடந்தா. நீங்க வெளாட்டுச் சாமான் தூக்கிட்டு வந்திருக்கீங்க? வைத்தியம் தெரிஞ்ச யாரும் இல்லையா இங்க?"

பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவர் அசையவில்லை.

"அக்கா, நீங்க ஒரு கட்டைய எடுங்க. இன்னொரு கைய வயித்துல வச்சுக்குங்க. இப்ப அந்தக் கோடியில கொண்டுபோய் வைங்க."

எரிச்சலோடு செய்தேன். கை நகர்வதற்கு முன்னாடியே வயிறு இறுகியது. மறுபடி செய்து பார்த்தேன். மறுபடியும் வயிறுதான் முதலில்.

"எது மொதல்ல வேலை செஞ்சிச்சு?"

"வயிறு."

"அதாங்க்கா. கை நீட்டுறப்ப நடு ஒடம்பு சாயாம இருக்கணும். வயிறும் முதுகும் புடிக்கும். அப்புறம் தோள். அப்புறம் மணிக்கட்டு. கடைசிலதான் விரல். 'வயித்த இறுக்கு'ன்னு அஞ்சு வயசுப் புள்ளகிட்ட சொல்லிப் பாருங்க, செய்யுமா? வீடு கட்டுன்னா செய்யும்."

அன்று முழுவதும் கையில் கிடைத்ததையெல்லாம், தண்ணீர்க் குவளை, மருந்துப் பெட்டி, சோப்பு என்று எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நாற்காலி செய்தவள், என் உடம்பு அதை எப்படிச் செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜெசியால் கட்டையைப் பிடிக்க முடிந்தது, முழுக் கையால் குரங்கு மாதிரி. வைக்கத்தான் முடியவில்லை. கீழே கொண்டுவந்ததும் விரல் திறக்காது. உதறித் திறப்பாள். உதறலில் எல்லாம் சரியும்.

"புடிக்கத் தெரியுது, விடத் தெரியலயே மிஸ்?"

"புடிக்கிறது பொறந்த கொழந்தைக்கே வரும். உங்க விரல வச்சா புடிச்சுக்கும்ல? மெதுவா விடுறதுதான் பின்னாடி வரும். அதுதான் கஷ்டம். கை அந்தரத்துல அப்படியே நிக்கணும், விரல் மட்டும் தெறக்கணும்."

அதற்குப் பிறகு எனக்கு வேடிக்கை பார்க்கிற பைத்தியம் பிடித்தது. வார்டின் விளையாட்டு மூலையில், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு மலாய்ச் சிறுமி கட்டைகளால் பாலம் கட்டுவாள். பெரிய கட்டை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நாக்கு வெளியே வரும். வலது கை வைக்கும், இடது கை கோபுரத்தைத் தாங்கும். இடப்பக்கம் கிடக்கிற கட்டையை வலது கையால் எடுக்க, உடம்பையே முறுக்குவாள். சும்மா கிடக்கிற காலின் விரல்கள் கூட மடங்கும். ஒரு கட்டைக்கு உடம்பில் இத்தனை வேலையா? ஒவ்வொன்றாக மிஸ் கவிதாவிடம் கேட்டேன். அவர் சாப்பாட்டு நேரத்தில்கூட வழிமறித்துக் கேட்டேன். "அலமாக், அடேயப்பா அக்கா, நீங்க என் பரீட்சையே எழுதிடுவீங்க போல" என்று சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஜெசியால் சாயாமல் உட்கார முடிந்தது. நிற்க, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். நடை இல்லை. அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பு. நடந்து போவாளா, தூக்கிக்கொண்டு போகவேண்டுமா என்பதுதான் எனக்கு ராப்பகலாக இருந்த ஒரே யோசனை. வீட்டிலும் கட்டை விளையாட்டு நடக்கவேண்டும் என்றார் மிஸ். கட்டைக்கு எனக்கா பஞ்சம்? தொழிற்சாலையில் ரப்பர் மரத் துண்டுகள் மலையாகக் கிடக்கின்றன. மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு சாக்கு நிறைய எடுத்துவந்தேன். ஓரம் குத்தாமல் தேய்த்தேன்.

ஆனால் ஜெசியின் கோபுரம் மூன்றாவது கட்டையிலேயே விழுந்தது. ஒவ்வொரு முறையும். அவள் அழுவாள், கட்டையை எறிவாள். "என் கை கெட்ட கை" என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டு ஒரு தாய் சும்மா இருப்பாளா?

என் வேலையில், ஆடுகிற நாற்காலி கழிவுக்குப் போகும். ஆடாமல் இருக்க என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஒவ்வொரு கட்டையிலும் மேலே மர ஆணி, கீழே துளை. வைத்து அமுக்கினால் போதும், நிற்கும். அன்று ஜெசி அவள் உட்கார்ந்த உயரத்துக்குக் கட்டினாள். கை தட்டினாள். மெர்சி அண்ணி விடுமுறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். காணொளி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். செபக் குழுவிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு அற்புதம் என்று பாட்டுப் பாடினார்கள். நான் பெருமையில் மிதந்தேன்.

மறுபரிசோதனையில் மிஸ் கவிதா தன் பைக்கட்டைகளைக் கொடுத்தார். ஜெசி வைத்தாள். மூன்றாவதில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது.

"வீட்டுல அவ இதுக்கு நாலு மடங்கு அடுக்குவா மிஸ். உங்க கட்டைதான் சரியில்ல" என்றேன். கூட வந்திருந்த அண்ணி கைப்பேசியை நீட்டினார். மிஸ் காணொளியை இரண்டு முறை பார்த்தார்.

"அக்கா, இந்தக் கோபுரம் ஏன் கொஞ்சங்கூட ஆடல?"

நான் மர ஆணியைப் பற்றி விளக்கினேன், பெருமையோடு. அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப வேலைய ஆணி பாத்திருக்கு. எடுத்துக் குடுக்குற வேலைய அத்தை பாத்திருக்காங்க. கிரேன் மாதிரி. ஜெசி என்னதான் பாத்தா?"

"நான் என்னம்மா தப்பு பண்ணிட்டேன், புள்ளைக்கு ஒதவி பண்ணேன், அது ஒரு குத்தமா?" என்று அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டார். எனக்கு மிஸ்ஸை அறையலாம் போல இருந்தது.

"பாத்தது வீணில்லக்கா" என்று அவர் பிடியின் பலத்தை அளக்கிற ஒரு கருவியை ஜெசி கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் போன தடவையைவிட மேலே போனது. "அமுக்கி அமுக்கி பலம் கூடியிருக்கு. ஆனா பலம் வேற, அளவு வேற. ஆணி இல்லன்னா கட்டை கொஞ்சம் ஒதுங்கி ஒக்காரும், ஆடும். கண்ணு பாக்கும், மணிக்கட்டு திருத்தும். அந்தத் திருத்தம்தான் நமக்கு வேணும். ஆணி திருத்த விடாது. அப்புறம், விழுந்தா ஜெசி என்ன பண்ணுவா?"

"அழுவா."

"அழுதுட்டு?"

யோசித்தேன். குனிவாள். தரையில் ஒரு கையை ஊன்றி, மறு கையை எட்டிப் பொறுக்குவாள். தூரப் போனதற்கு நகர்ந்து போவாள், மண்டி போடுவாள்.

"ஊன்றுன கையில ஒடம்போட பாரம் போகுது, தோள் முழிச்சுக்கும். மண்டி போட்டா இடுப்பு முழிச்சுக்கும். விழுந்ததப் பொறுக்குறதுதான் பாதி சிகிச்சை. நீங்க விழவே விடல."

நான் கேட்க பயந்திருந்ததை அப்போது கேட்டேன்.

"நடப்பாளா மிஸ்?"

"தெரியாதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். நரம்புக்கு உறை வளர்ற வேகத்த நானோ இந்தக் கட்டையோ மாத்த முடியாது. பெரும்பாலான புள்ளைங்க நல்லாவே தேறுவாங்க. ஆனா உத்தரவு வந்து சேர்றப்ப ஒடம்பு மறந்து போயிருக்கக் கூடாது. அத மட்டும் நாம பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் குறடு எடுத்து ஆணிகளையெல்லாம் பிடுங்கினேன். சேவியர் வாசலில் நின்று பார்த்தார். "ஆடாத சாமான் செய்யத்தான் ஒனக்கு சம்பளம். இப்ப ஆடுற சாமான் செய்யுற, ஓசியில" என்றார். நான் முறைத்தேன். பிறகு அவரும் உட்கார்ந்து பிடுங்கினார்.

கட்டைகளை அவளுக்கு முன்னால் குவிப்பதை நிறுத்தினேன். முதுகுக்குப் பின்னால் கொஞ்சம், சோபா மேல் கொஞ்சம், கூடையில் கொஞ்சம். பால் டின்னில் அரிசி நிரப்பி ஒட்டினேன், கனமான கட்டைக்கு. தொழிற்சாலையிலிருந்து நாற்காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தோம். அதில் அவள் வீடு கட்டி, உள்ளே தவழ்ந்து போய், சன்னல் வைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். ஒருநாள் எனக்கு ஆசை மீறி, அவள் போதும் என்ற பிறகும் கட்ட வைத்தேன். மறுநாள் கால் இரண்டும் துணியாகக் கிடந்தன. மிஸ் தொலைபேசியிலேயே திட்டினார். இந்த நோயில் களைக்கும் முன் நிறுத்தவேண்டும். இதை நீங்களும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணிக்குத்தான் கஷ்டம். பிள்ளை எட்டி எட்டித் தவிக்கும்போது அவர் கை தானாகக் கட்டைக்குப் போய்விடும். கடைசியில் கையில் செபமாலையைக் கொடுத்து உட்கார வைத்தோம். "மாதாவே, இந்தப் பொம்பள என்னயக் கட்டிப் போட்டுட்டா" என்று என்னைப் பற்றி மாதாவிடமே புகார் சொன்னார். கோபுரம் ஆறுக்கு வந்தது. ஏழுக்கு வந்தது. கரண்டியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனாள். சட்டைப் பொத்தானை அவளே போட்டாள். நிற்பது மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு கை எப்போதும் நாற்காலியில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய் வந்து நான் சமையலில் இருந்தேன். கூடத்தில் ஜெசி. கீழே அட்டைப்பெட்டி, அதன் மேல் இன்னொரு பெட்டி, அதன் மேல் கட்டைகள். கோபுரம் அவள் நெற்றி உயரம் வந்துவிட்டது. உச்சியில் வைக்க அவளுக்கு அரிசி டின் வேண்டும். அதை ஒரு கையால் தூக்க முடியாது. தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. டின்னை நாற்காலி மேல் வைத்து, கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளாலும் டின்னைத் தூக்கினாள்.

நான் சமையலறை வாசலில் இருந்தேன். கால் தானாக முன்னால் போனது.

அவள் திரும்பவில்லை. "வராதம்மா! நீ வந்தா விழுந்துரும்."

நின்றேன். அவள் முழங்கால்கள் நடுங்கின. கால் விரல்கள் தரையைக் கவ்வின. நாக்கு வெளியே வந்தது. டின் மேலே போனது, உட்கார்ந்தது. கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன, விரல்கள் மட்டும் மெதுவாகத் திறந்தன. எதையும் பிடிக்காமல், எதிலும் சாயாமல், என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. அவளும் பொத்தென்று உட்கார்ந்தாள். திரும்பி என்னை முறைத்தாள்.

"பாத்தியா? நீ பாத்துக்கிட்டே இருந்த, அதான் விழுந்துருச்சு."

தான் நின்றதை அவள் கவனிக்கவேயில்லை. கையை ஊன்றிக் கட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு கட்டை உருண்டு என் காலடிக்கு வந்து கிடந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். என் வயிறு இறுகுவதுகூட எனக்குத் தெரிந்தது. அடுப்பில் என்னவோ தீய்கிற வாசம் வந்தது. நான் குனியவில்லை. அவள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.